பொட்டலம் வேண்டாம், அட்டையைப் பாருங்க: இருளர் குடியிருப்பில் சாப்பாட்டு நிலையைத் தேற்றுவது எப்படி

எங்கள் திருவொற்றியூர் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பிறந்தநாள் என்றால் நாலு பேர் காசு போட்டு முப்பது பிரியாணிப் பொட்டலம் கட்டுவோம், கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ இறங்குவோம், ஷேர் ஆட்டோ பிடித்து இருளர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்பு ஒன்றுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலில் திரும்புவோம். நானும் மூன்று வருஷம் இதைத்தான் செய்தேன். பிரியாணி யாருக்கும் கசக்காது, சரி. ஆனால் மாதத்துக்கு 90 வேளை சாப்பாடு. மிச்சம் 89 வேளைக்கு அந்த அடுப்பில் என்ன ஏறுகிறது என்று நான் கேட்டதே இல்லை. கேட்க வைத்தது ஒரு ஆயா. பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "நல்லாத்தான் கீது தம்பி. ரேசன்ல எங்க அட்டைக்கு பருப்பு இல்லேன்றான், அத்த கொஞ்சம் கேட்டுக் குடுக்கிறியா?" என்றார்.

அந்தப் பருப்பின் பின்னால் போனதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். வட சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களை மனதில் வைத்து எழுதியது. அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு, அந்தப் பக்கம் செங்குன்றம், சோழவரம். புதிதாகச் சாப்பாடு கொண்டுபோவதற்கு முன்னால், அந்த வீட்டுக்கு ஏற்கனவே வரவேண்டிய சாப்பாடு எங்கே நின்றுபோகிறது என்று பாருங்கள். பாதி வேலை அங்கேதான் கிடக்கிறது.

முதல் தடவை போகும்போது

வெறுங்கையோடு போங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். கூட ஒரு பெண் வந்தால் ரொம்ப நல்லது, அடுப்படிப் பேச்சு ஆம்பளைகளிடம் முழுசாக வராது. இறால் பிடிக்கப் போகிறவர்கள் தண்ணீர் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் போவார்கள், அது தினமும் மாறும். அதனால் யாரையாவது கேட்டுவிட்டு அவர்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் போங்கள். காலை பத்து மணிக்குப் போய் நின்றால் கிழவிகளும் கைக்குழந்தைகளும் நாய்களும்தான் இருப்பார்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். யார் கேட்டாலும் "ஆச்சு" என்றுதான் பதில் வரும், நீங்களும் நானும் அதைத்தான் சொல்வோம். "நேத்து காலைல என்ன, மத்தியானம் என்ன, ராத்திரி என்ன பொங்கினீங்க?" என்று கேளுங்கள். அப்புறம் "கடைசியா யாரு சாப்பிட்டது?" என்று. எங்கள் நோட்டில் முதல் பத்து வீட்டில் எழுதினதைத் திரும்பப் படித்தபோது, காலையில் டீயும் பொறையும், மத்தியானம் ஒன்றுமில்லை, ராத்திரி சோறும் ரசமும் என்று ஏழு வீட்டில் ஒரே மாதிரி இருந்தது. கடைசியாகச் சாப்பிடுவது எல்லா வீட்டிலும் மருமகள். அவள் கர்ப்பமாக இருந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்று. பானையில் என்ன இருந்தாலும் முகத்தைச் சுளிக்காதீர்கள். வரப்பெலி, நத்தை, நண்டு, மழைக்கு முன்னே ஈசல் எல்லாம் இவர்கள் காலம் காலமாகச் சாப்பிடுவது, அத்தனையிலும் நல்ல புரதம். எங்களோடு வந்த ஒரு பையன் சுட்ட எலியைப் பார்த்து "ஐயே" என்றான். அதற்கப்புறம் ஆறு மாதம் நாங்கள் போனாலே அந்த அக்கா பானையை மூடி வைத்துவிட்டு "ஒண்ணும் செய்யலப்பா" என்பார். நல்லது செய்யப் போய் ஒரு வீட்டின் சாப்பாட்டை வெட்கப்பட வைப்பதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது. (உடும்பு போன்றவை வேட்டையாடத் தடை செய்யப்பட்டவை என்பது அவர்களுக்கே தெரியும். அதை நீங்கள் போய்ப் பாடம் எடுக்க வேண்டாம்.)

அட்டை

இதற்குத்தான் பொறுமை வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ரேஷன் ஸ்மார்ட் கார்டை வாங்கி, முன்பக்கம் என்ன எழுத்து போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிஎச்எச்-ஏஏஒய் என்று இருந்தால் அது அந்தியோதயா அட்டை, ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்கானது. வீட்டில் இரண்டே பேர் இருந்தாலும் மாதம் 35 கிலோ அரிசி, விலையில்லாமல். வெறும் பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்) என்றோ என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாதது) என்றோ இருந்தால் அளவு ஆள் கணக்குப்படி குறையும். மத்திய அரசு மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் 6 இனங்களைப் பட்டியலில் வைத்திருக்கிறது: தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர். இப்படிப்பட்ட பழங்குடிக் குடும்பங்களுக்கு அந்தியோதயா அட்டை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 மே 2-ஆம் தேதியே சொல்லிவிட்டது. நாங்கள் பார்த்த 23 வீட்டில் அந்த அட்டை இருந்தது நாலு வீட்டில். ஆறு வீட்டில் அட்டையே இல்லை.

இங்கேதான் நாங்கள் பெரிய தப்பு செய்தோம். இருளர் என்றால் முதலில் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று நினைத்து அதன் பின்னால் எட்டு மாதம் அலைந்தோம். பழங்குடிச் சான்றிதழ் தாசில்தார் கையில் இல்லை, 1989 நவம்பரிலிருந்து அது கோட்டாட்சியர் மட்டத்தில் தருவது, விசாரணை, அப்பா சான்றிதழ், தாத்தா சான்றிதழ் என்று இழுக்கும். ஒரு அலுவலகத்தில், "இருளர்னா பாம்பு பிடிக்கத் தெரியணுமே, இந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். கூட வந்த பெண் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டாள். அப்புறம்தான் ஒரு ஈ-சேவை மையத்துக்காரர் சொன்னார்: சாதாரண ரேஷன் அட்டைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்பதே இல்லையே தம்பி, எதற்கு இத்தனை நாள் வீணடிச்சீங்க?

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் ஆதார். முகவரிக்கு ஆவணம் இல்லை, புறம்போக்கு, கரண்ட் பில் கிடையாது என்றால், ஆதாருக்கென்று ஒரு சான்றுப் படிவம் இருக்கிறது. போட்டோ ஒட்டி, பஞ்சாயத்துத் தலைவரோ எம்எல்ஏவோ தாசில்தாரோ கையெழுத்துப் போட்டால் முகவரிச் சான்றாக ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு ஆயுள் 3 மாதம்தான். எங்களுக்கு ஒரு தடவை 11 படிவம் மேஜை இழுப்பறையிலேயே காலாவதியாகிப் போனது. கையெழுத்து வாங்கின வாரமே மையத்துக்குக் கூட்டிப்போய்விடுங்கள். ஆதார் வந்ததும் அரிசி அட்டைக்குப் போடுங்கள். அரிசி வீட்டுக்கு வர ஆரம்பித்த பிறகு சாதிச் சான்றிதழ், அப்புறம் அந்தியோதயாவாக மாற்றச் சொல்லி மனு. வயிறு நிறைந்த பிறகு அலைவது ஒரு மாதிரி, பசியோடு அலைவது வேறு மாதிரி.

வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு இருக்காது. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டை முதலில் கவனிப்பது அதற்காகத்தான். நாள் ஏற ஏற வேலையும் ஏறும்.

கடையில் நடப்பது வேறு கதை. மெஷினில் கைரேகை விழாது. நாள் முழுக்கச் சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் தடவின கை, செங்கல் தேய்த்த கை, ரேகை எங்கே இருக்கும்? "ரேகை விழல, நாளைக்கு வா" என்று அனுப்புவார்கள், நாளைக்குக் கடை இருக்காது. ரேகை விழவில்லை என்ற காரணத்துக்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று அரசு உத்தரவு இருக்கிறது. கண் கருவிழி வைத்தோ பதிவேட்டில் எழுதியோ தர வேண்டும். இதைச் சண்டையாகப் பேசாமல், "அண்ணா, கண்ணு மெஷின்ல பாக்கலாமா?" என்று கேட்டாலே பாதி நாள் நடந்துவிடும். நடக்கவில்லை என்றால் 1967-க்குப் போன் போடுங்கள், அது ரேஷன் புகார் எண், காசு கிடையாது. முதல்வர் உதவி எண் 1100. எங்கள் ஆயாவின் பருப்பு இந்த வழியில்தான் வந்தது. மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள் அல்லவா, "வரல, வரல" என்ற அந்தப் பருப்பு யார் கணக்கிலோ போய்க்கொண்டிருந்தது. அட்டையில் சேர்த்திருந்த செல்போன் எண் யாருடையதோ, எந்த மாதம் என்ன வாங்கினதாக மெசேஜ் போகிறது என்று ஆயாவுக்கு எப்படித் தெரியும்? முதலில் அந்த எண்ணை மாற்றுங்கள். வீட்டில் போன் இல்லை என்றால், அந்தக் குடியிருப்பிலேயே போன் வைத்திருக்கும் நம்பிக்கையான ஒரு பெண்ணின் எண்ணைக் கேட்டுப் போடுங்கள். உங்கள் எண்ணைப் போடாதீர்கள், நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை.

செங்கல் சூளை வேலைக்குப் போகிற குடும்பம் என்றால் தை மாதம் கிளம்பினால் ஆனி வரை ஊரில் இருக்காது. அட்டையைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். 2020 அக்டோபரிலிருந்து வேறு கடையிலும் வாங்கலாம். ஆனால் ஒன்று: முன்பணம் வாங்கிவிட்டு அரிசி ஆலையையோ சூளையையோ விட்டு வெளியே போகவே விடவில்லை என்று தெரிந்தால், அது சத்துக்குறைவுப் பிரச்சினை கிடையாது, கொத்தடிமை. 1976 சட்டம் இருக்கிறது. அதை நீங்களாக முதலாளியிடம் பேசித் தீர்க்கப் போகாதீர்கள், மாட்டிக்கொள்வது அந்தக் குடும்பம். கோட்டாட்சியருக்கோ கலெக்டருக்கோ எழுத்தில் கொடுங்கள்.

அங்கன்வாடி, பள்ளிக்கூடம்

ஆறு மாதத்திலிருந்து 2 வயது வரை உள்ள பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள். கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் சேர்ந்த மாவு. உண்மையில் நல்ல பொருள். ஆனால் நாங்கள் போன வீடுகளில் பாதிப் பாக்கெட் கூரையில் சொருகியபடியே கிடந்தது, ஒரு வீட்டில் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டால், "வாய்ல ஒட்டுது, புள்ள துப்புது." தண்ணீரில் கரைத்து அப்படியே கொடுத்திருக்கிறார்கள். எப்படிச் செய்வது என்று யாரும் செய்து காட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த அக்கா வீட்டு அடுப்பிலேயே செய்து காட்டினோம். மாவில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, வெந்நீர் தெளித்துத் தெளித்துப் பிசிறி, கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், அந்தப் பதத்தில் ஒரு பழைய துணியில் கட்டி, கொதிக்கும் பானை மேல் தட்டு வைத்துப் பத்து நிமிஷம். வெந்ததும் ஒரு கை தேங்காய்த் துருவல். புட்டு மாதிரி வரும். சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்தாறு பிள்ளைகள் ஆறவிடாமல் அள்ளிவிட்டார்கள், செய்தவளுக்கு மிச்சமில்லை. சின்னக் குழந்தைக்கென்றால் இதே மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கூழாகக் கிளறி அரை ஸ்பூன் எண்ணெய் விட வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, அந்தக் கெட்டி. தண்ணியாகக் கொடுத்தால் வயிறு ரொம்பும், உடம்பில் ஒட்டாது.

அங்கன்வாடியே ரொம்ப தூரம் என்றால்? 40 பிள்ளைகள் இருக்கிற இடத்தில் கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவு ஒன்று உண்டு. இருளர் குடியிருப்புகள் சின்னவை, 40 தேறாது. பக்கத்துக் குடியிருப்பையும் சேர்த்துக் கணக்கெடுத்து மனு எழுதுங்கள். 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய பிஎம்-ஜன்மன் திட்டத்திலும் இந்தப் பழங்குடிகளுக்கென்று அங்கன்வாடி, நடமாடும் மருத்துவ வண்டி எல்லாம் இருக்கிறது. அதையும் மனுவில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

மையம் பக்கத்திலேயே இருந்தும் பிள்ளைகள் போகாமல் இருப்பார்கள். காரணம் கேட்டால் "அழுவுது" என்பார்கள். கூடப்போய்ப் பார்த்தால் தெரியும், ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். இதற்கு நான் கண்ட ஒரே வழி: முதல் இரண்டு வாரம் யாராவது ஒருவர் தினமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே உட்கார்ந்திருந்து, சாப்பிட்டு முடித்ததும் கூட்டி வருவது. எதுவும் பேச வேண்டியதில்லை. ஆள் உட்கார்ந்திருந்தாலே நடத்தை மாறுகிறது.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இரண்டு வேளை சாப்பாடு இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் 2023 ஆகஸ்டிலிருந்து காலை உணவு, கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-இல் விரிவாக்கியதே நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான். மத்தியானம் சத்துணவு, முட்டையோடு. ஆக, எட்டு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே ஒரு சத்துணவு வேலைதான். நாங்கள் போகிற குடியிருப்பில் ஐந்து பிள்ளைகள் போகாததற்குக் காரணம் செருப்பு இல்லை, வழியில் முள். செருப்பு ஐந்து ஜோடி, மிண்ட் பக்கம் வாங்கினது, ஒரு பிறந்தநாள் பிரியாணிச் செலவில் கால்வாசிகூட ஆகவில்லை.

அடுப்பில் என்ன மாற்றலாம்

புது சாப்பாடு எதையும் கொண்டுபோய் நுழைக்காதீர்கள். ஆரம்பத்தில் நாங்கள் பால் பவுடர் கொண்டுபோய்க் கொடுத்து, அது நல்லதில்லாத தண்ணீரில் கரைந்து, நாலு பிள்ளைக்கு வயிற்றால் போய், ஓஆர்எஸ் (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் வாங்க ஓடினோம். இருக்கிற அரிசி, இருக்கிற பருப்பு, பறிக்கிற கீரை, பிடிக்கிற மீன். இதற்குள்ளேயே செய்யலாம்.

ரேஷன் அரிசியில் கொஞ்சம் நிறம் மாறின மணிகள் கலந்திருக்கும், கழுவும்போது சிலது மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாகச் செய்து 100 கிலோவுக்கு ஒரு கிலோ கணக்கில் கலக்கிறார்கள். எறிய வேண்டாம், நாலு தண்ணீர் கழுவவும் வேண்டாம். கஞ்சியை வடித்துக் கீழே ஊற்றாமல் தண்ணீர் அளவாக வைத்துப் பொங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கள்.

எங்களுக்கு ரொம்ப உதவினது நெத்திலிப் பொடி. காசிமேட்டில் கருவாடு வாங்கும்போது உப்புப் போடாமல் வெயிலில் காய்ந்த நெத்திலி என்று கேட்டு வாங்குங்கள். சின்னதாக இருந்தால் போதும், விலையும் குறைவு. தலையைக் கிள்ளிவிட்டு, மணல் போக நாலைந்து தண்ணீரில் அலசி, ஒரு நாள் நல்ல வெயிலில் மறுபடி காயவைத்து, வெறும் சட்டியில் சின்னத் தீயில் மொறுமொறு என்று வரும்வரை வறுத்து, ஆறினதும் இடித்துச் சலித்து டப்பாவில் போட்டுவிடலாம். முள்ளோடு இடிப்பதால் சுண்ணாம்புச்சத்து அப்படியே வரும். மணல் போகாமல் இடித்தால் மொத்தமும் வீண், வாயில் நறநற என்கும், அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். எங்கள் முதல் டப்பா அப்படித்தான் போனது.

ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு, இரண்டு கை உருவின முருங்கைக் கீரை, கீரையைக் கடைசி ஐந்து நிமிஷத்தில் போட்டு, இறக்கும்போது இரண்டு ஸ்பூன் நெத்திலிப் பொடி, இரண்டு ஸ்பூன் பாமாயில், தட்டில் போட்டதும் அரை எலுமிச்சம்பழம். ஒரே பானை. கூட்டு தனி, குழம்பு தனி என்று விறகுக்கு அலைய வேண்டாம். எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை, கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். டீ இதற்கு நேர் எதிர், சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்த இரும்பு சேராது. டீயை விடச் சொல்லாதீர்கள், கேட்க மாட்டார்கள், நானே கேட்க மாட்டேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்று சொன்னால் கேட்கிறார்கள்.

கேழ்வரகு ரேஷனில் நீலகிரி, தர்மபுரிக்குத்தான் 2023-லிருந்து தருகிறார்கள், நமக்கு இல்லை. கொத்தவால்சாவடியில் மொத்தமாக வாங்கி வீட்டுக்கு இரண்டு கிலோ பிரித்தால் மாதம் முழுக்கக் காலையில் கூழ் ஓடும். 100 கிராமில் 350 மில்லிகிராமுக்குப் பக்கமாகச் சுண்ணாம்புச்சத்து இருக்கிற தானியம். டீ, பொறைக்குப் பதில் என்று சொல்லாமல், டீ, பொறைக்கு முன்னால் ஒரு சொம்பு என்று ஆரம்பியுங்கள்.

இறால் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் சேற்றைத் தடவி, பிடித்ததைப் பல்லில் கடித்த பனையோலைப் பறியில் (கூடையில்) போட்டு, நாலு மணி நேரம் கழித்துக் கரையேறினால் முக்கால் கிலோ. அதை அங்கேயே வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் அரிசியும் பிஸ்கட்டும் வாங்கிப்போவார்கள். "ஒரு கைப்பிடி வீட்டுக்கு எடுத்து வைக்கக் கூடாதா அக்கா?" என்று கேட்டேன். "ஒரு கை எடுத்தா அம்பது ரூபா போச்சு, நீ தர்றியா?" என்றார். நியாயம்தானே. அப்புறம் அவர்களே ஒரு வழி சொன்னார்கள்: வியாபாரி கழிக்கிற பொடி இறால், சின்ன நண்டு, விலைபோகாத மீன், இதையெல்லாம் முன்பு கரையிலேயே கொட்டிவிட்டு வருவார்கள், இப்போது அதைத் தனிப் பறியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். எனக்கு இது தோன்றியே இருக்காது.

எந்த இடத்தில் பிடிப்பது, பறிப்பது என்பதைப் பற்றி மட்டும் பேசியே ஆக வேண்டும். எண்ணூர் பக்கம் கொசஸ்தலையாற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் தண்ணீர் கலக்கிற இடங்கள் உண்டு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததை நம்ம எல்லாருமே பார்த்தோம். தண்ணீரில் பளபளப்பு தெரிகிற இடம், கரை சாம்பல் நிறத்தில் கிடக்கிற இடம், கழிவுக் குழாய் திறக்கிற இடம், அங்கே கீரையும் நண்டும் மட்டியும் வேண்டாம். மட்டி என்கிற சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்கிற உயிர், அழுக்கு முழுக்க அதன் வயிற்றில்தான் இருக்கும். இதைச் சொல்லும்போது பழியை அவர்கள் மேல் போடாமல் சொல்லுங்கள், ஓடையைக் கெடுத்தது அவர்கள் இல்லை.

வீட்டோரம்

நாங்கள் முதலில் விதைப் பாக்கெட் கொண்டுபோனோம். தக்காளி, கத்திரி, வெண்டை, அழகான படம் போட்ட பாக்கெட். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிக் கிடக்கிறது, போர் தண்ணீர் கரிக்கும், ஒரு செடி தேறவில்லை. முருங்கைக் கிளைதான் தேறியது. மனிதன் கை தடிமனில் நாலு அடிக் கொம்பு வெட்டி, தரையை ஒரு அடி மேடாக்கி, பங்குனி சித்திரையில் நட்டு, வெட்டின தலையில் சாணி அப்பிவிட வேண்டும். மேடாக்காமல் நட்டால் ஐப்பசித் தண்ணீரில் அழுகும். வீட்டுக்கு இரண்டு மரம் போதும். கொடிப்பசலையைப் பழைய பெயின்ட் டப்பாவில் வைத்து, அரிசி களைந்த தண்ணீர் மட்டும் ஊற்றி, கூரை மேல் ஏற்றிவிட்டால் அது பாட்டுக்கு வளரும். அதற்கு மேல் கீரை எது என்று நீங்கள் கற்றுத்தரத் தேவையில்லை. குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை என்று அந்த ஆயா வரப்பில் நடந்துகொண்டே பதினோரு கீரை காட்டினார். நான் அதில் மூன்றுதான் தின்றிருக்கிறேன்.

கோழி கொடுக்கலாம், ஆனால் கார்த்திகையில் கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்த பத்துக் குஞ்சும் ஒரே வாரத்தில் வெள்ளைக்கழிச்சலில் போனது. கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுவிட்டு, மழை முடிந்த பிறகு கொடுங்கள்.

மழை மாதங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். சூளை கிடையாது, அரிசி ஆலைக் களத்தில் நெல் காயாது, ஓடையில் வெள்ளம். அட்வான்ஸ் வாங்குவதும் அப்போதுதான், தையில் சூளைக்குக் கட்டுப்பட்டுப் போவதும் அதனால்தான். காசு திரட்டுகிறீர்கள் என்றால் வருஷம் முழுக்கச் சிதறாமல் புரட்டாசிக் கடைசியில் செலவழியுங்கள். வீட்டுக்கு ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம், அதில் ஐந்து கிலோ பருப்பு, வறுத்த கடலை, நெத்திலிப் பொடி, எண்ணெய், உப்பு, தீப்பெட்டி. டிரம்மை உயரத்தில் கட்டி வைக்கும்படி சொல்லுங்கள். வெள்ளம் வந்த பிறகு எல்லாரும் பிரெட் பாக்கெட்டோடு வருவார்கள், அப்போது நீங்கள் போகத் தேவையே இல்லை.

கை நாடா, மாத்திரை

இது கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து 5 வயது வரை உள்ள பிள்ளையின் இடது மேல்கை நடுவில் அளக்கும் கலர் நாடா அங்கன்வாடியிலோ நர்ஸம்மாவிடமோ இருக்கும். 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை. 11.5-க்கும் 12.5-க்கும் நடுவே மஞ்சள், அந்தப் பிள்ளைக்கு மேலே சொன்ன பானைச் சோறு கூடுதலாக இரண்டு வேளை, மாதாமாதம் கையை அளக்க வேண்டும். 11.5-க்குக் கீழே சிவப்பு. சிவப்பு என்றாலோ, இரண்டு கால் பாதமும் வீங்கி அமுக்கினால் குழி விழுந்தாலோ, நீங்கள் எதையும் ஊட்டித் தேற்றப் பார்க்காதீர்கள், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து அனுப்பினால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. கூடப் போங்கள். திரும்பி வர வண்டிக்காசு இருக்கிறதா என்றும் கேளுங்கள், அது இல்லாமல்தான் பாதிப் பேர் போகாமல் இருக்கிறார்கள்.

கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக் கூரையில் சொருகி வைப்பதற்கு ஒரே காரணம், மலம் கறுப்பாகப் போகிறது, பயம். "கறுப்பாப் போகும், அது மாத்திரைதான், ஒண்ணும் இல்ல" என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் முக்கால்வாசிப் பேர் போடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு, டீ இல்லாமல். பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை வருஷத்துக்கு இரண்டு தடவை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தருகிறார்கள். வெறுங்காலில் திரிகிற பிள்ளைக்குக் கொக்கிப்புழு இருந்தால் நீங்கள் போடுகிற சோறு அதற்குத்தான் போகும்.

மாதத்துக்கு ஒரு தடவை போனால் போதும், ஆனால் அதே ஆள் போக வேண்டும், அதே நோட்டோடு. நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம்: அட்டை என்ன நிலை, போன மாதம் என்னென்ன வாங்கினார்கள், பிள்ளைக்குக் கை அளவு என்ன, நேற்று என்ன பொங்கினார்கள். அவ்வளவுதான். போகிற அன்றைக்குக் காசிமேட்டிலிருந்து நெத்திலி வாங்கிப் போவதாக இருந்தால் மட்டும் இரண்டு கவர் போட்டு இறுக்கிக் கட்டி, ரயிலில் வாசல் பக்கமாக நின்றுகொள்ளுங்கள். எங்களை ஒரு தடவை கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் பெட்டியே சேர்ந்து பார்த்தது, அத்திப்பட்டு வரை யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.